புள்ளி விழாத மாவு

மாவு ஆலையில் அவளைப் 'புள்ளியக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருடம் மூட்டை தைத்தவள். ஒரு பெரிய கம்பெனி ஆலையோடு கைகோத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போகும் மாவில் இரும்புச்சத்துப் பொடி கலக்க ஏற்பாடு செய்தபோது, சோதனை வேலை தனக்குத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினாள். வேலை என்ன பிரமாதம்? தட்டில் மாவைப் பரப்பி அழுத்தி, மருந்தைச் சொட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பொடி கலந்திருந்தால் சிவப்புப் புள்ளிகள் கிளம்பும். கிளம்பாவிட்டால் மூட்டை வாசல் தாண்டக் கூடாது. இதற்கே அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

முதல் லாரி கிளம்பும் நாள் வந்தது. கம்பெனி மேடம், ரிப்பன், கத்திரிக்கோல், கேமரா எல்லாம் வாசலில் தயார். மூட்டைகளையும் ஏற்றியாகிவிட்டது. அன்றைக்கு அரைத்த மாவு மட்டும் தட்டில் வெள்ளைவெளேரென்று கிடந்தது. மறுபடி சொட்டினாள். ம்ஹும்! ஓடிப்போய்ப் பொடிப்பெட்டியைத் திறந்தால், ஈரத்தில் பொடி கட்டி தட்டி வாயை அடைத்திருந்தது. காலையிலிருந்து அரைத்த நூற்றிருபது மூட்டையும் வெறும் மாவு.

சூப்பர்வைசருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "மாவு என்ன கெட்டா போச்சு? கையெழுத்தைப் போடுங்கக்கா. மேடம் வெயில்ல நிக்கிறாங்க."

"புள்ளி விழலை. போட மாட்டேன்."

"அப்புறம் பழையபடி மூட்டை தைக்கத்தான் போகணும், சொல்லிட்டேன்!"

"ஊசி நூலை எடுத்து வைங்க" என்றாள்.

வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். ஆசைப்பட்டு வாங்கிய வேலை ஆயிற்றே! ஆனாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

மேடம் தட்டைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். "நீங்க சொல்லலைன்னா இது யாருக்குமே தெரிஞ்சிருக்காதே?" என்றார் மெதுவாக.

"என் பொண்ணு உடம்புல ரத்தம் இல்லைன்னும்தான் யாருக்கும் தெரியலைங்க. பரீட்சை எழுதறப்ப மயங்கி விழுந்து, டாக்டர் கண் இமையை இழுத்துப் பாக்கிற வரைக்கும் பெத்த எனக்கே தெரியலை. மூணு வேளையும் வயிறு நிறையத்தான் போட்டேன் மேடம். வெறும் மாவு."

கேமராக்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தார். மேடம் கைகாட்டி அவரை நிறுத்திவிட்டு, கத்திரிக்கோலைப் பைக்குள் போட்டார்.

"எல்லாத்தையும் இறக்குங்க."

முணுமுணுத்துக்கொண்டே சூப்பர்வைசரும் மூட்டைக்குத் தோள் கொடுத்தார். பெட்டியைத் துடைத்துக் காயவைத்து, மாவு முழுவதையும் மறுபடி ஓட்டி முடிக்க மறுநாள் மதியம் ஆகிவிட்டது. அவரே தட்டை நீட்டினார். "வந்திருச்சுக்கா, பாருங்க!"

தட்டெல்லாம் சிவப்புப் புள்ளி. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே கண்ணாடியை மாட்டினாள்.

"இருங்க, அவசரப்படாதீங்க. அடி மூட்டையிலயும் ஒண்ணு எடுத்துப் பாத்துடுவோம்."

அதையும் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.