எலப்புள்ளியின் இந்தோனேசியாக்காரன்

அவனுக்கு அந்தப் பெயரை வைத்த பாவி நான்தான். எலப்புள்ளி வட்டாரத்தில் செவன்ஸ் ஆட்டம் எங்கே நடந்தாலும் மைக் பிடிப்பது என் பிழைப்பு. அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. நோட்டீஸில் ஒரு வெளிநாட்டுக்காரன் இல்லாவிட்டால் டிக்கெட் விற்காது. நம் வீட்டுப் பிள்ளை தலைகீழாக நின்று கோல் அடித்தாலும் நம் ஜனங்களின் கண்ணில் படாது.

அருண்பாண்டி இடுக்கியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன். அம்மா சுருளியம்மாள் கொழுந்து பறிக்கிறவள், அப்பா இல்லை. பக்கத்துக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவன் சாயங்காலங்களில் பந்தாடுவதை டீம் மேனேஜர் ஈஸ்வரன் பார்த்துவிட்டான். குள்ள உருவம், சின்னக் கண்கள். ஆப்பிரிக்காவிலிருந்து ஆள் கொண்டுவர ஈஸ்வரனுக்கு வக்கில்லை.

"இவன இந்தோனேசியாக்காரன்னு சொல்லிப்போடலாமுங்க" என்றான் என்னிடம். செல்போனில் இரண்டு பெயர்களைத் தேடி, பாதி பாதியாக வெட்டி ஒட்டி 'ஹர்த்தோ' என்று வைத்தேன். மைதானத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை.

ஐந்து சீசன் அவன் வாயைத் திறக்கவில்லை. கோல்களாக அடித்துத் தள்ளினான். முக்குக்கு முக்கு அவன் படம் வைத்த ஃபிளக்ஸ். முதலமடையில் ஒரு மாங்காய் வியாபாரி அவனுக்கு ஒரு பெட்டி பழம் கொடுத்து, அதை எப்படித் தின்பது என்று ஜாடையில் சொல்லிக்கொடுத்தார். அவனும் புரிந்துகொண்டவன் போலத் தலையாட்டினான். நாங்கள் வேனில் சிரித்துச் சிரித்துப் புரண்டோம். அவன் சிரித்தானா என்று நான் பார்க்கவில்லை.

ஆறாவது சீசனில் ஒரு அரசுத் துறை தன் அணிக்கு ஆட்டக்காரர்களை எடுத்தது. நிரந்தர வேலை. வயது வரம்பில் அவனுக்கு அதுவே கடைசி வருடம். மூன்று சீசன் ஆடியதற்குப் போட்டிக் கமிட்டியின் கடிதம் கேட்டார்கள். அருண்பாண்டி என்ற பெயரில் அவன் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை.

என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தான். "அண்ணே, ஒருக்கா எம்பேர மைக்குல சொல்லிருங்க. ஊருக்கே தெரிஞ்சுட்டா கமிட்டிக்காரங்க கையெழுத்துப் போட்டுத்தான ஆகணும்." ஈஸ்வரனிடம் போய்ச் சொன்னேன், தலையைச் சொறிந்தான். பிறகு, ஃபைனல் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று ஒத்துக்கொண்டான். அதைக் கேட்கவென்றே ஃபைனல் அன்று சுருளியம்மாள் மூன்று பஸ் மாறி வந்து கேலரியின் கீழ்ப்பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று அவன் இரண்டு கோல் அடித்தான். ஐந்து நிமிடம் பாக்கி இருக்கும்போது எதிரணித் தடுப்பாளன் அவன் முழங்காலில் வந்து விழுந்தான். எலும்பு முறிந்த சத்தம் மைக் மேஜைவரை கேட்டது.

"அம்மா, காலு போச்சும்மா" என்று கத்தினான்.

ஹர்த்தோ தமிழில் கத்தியது கேலரி முழுக்கக் கேட்டது. அப்புறம் தண்ணீர் பாட்டில்கள் பறந்து வந்தன. ஏமாற்றுக்காரர்கள், டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு என்று கூச்சல். ஈஸ்வரன் ஓடி வந்து என் தோளைப் பிடித்தான். உண்மை தானாகவே வெளியே வந்து நின்றது. ஆமாம் என்று சொல்வது மட்டுமே என் வேலை. எனக்கு அடி பயம். மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

"அஞ்சு வருசமா நம்ம மண்ணுல ஆடி, நம்ம ஹர்த்தோ தமிழே பேசப் பழகிட்டாரு. எல்லாரும் ஒரு கை தட்டுங்க."

தட்டினார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, அவன் என் மகன், என்னை விடுங்கள் என்று அழுதுகொண்டிருந்தாள். பைத்தியம் என்று நினைத்து வாலண்டியர்கள் அவளைப் பிடித்துத் தள்ளினார்கள்.

கமிட்டி கையெழுத்துப் போடவில்லை. போட்டிருந்தாலும் அந்தக் காலை வைத்துக்கொண்டு எங்கே ஆட? நான்கு மாதம் கழித்து, மனம் கேட்காமல் எஸ்டேட்டுக்குப் போனேன். கம்பி வைத்த காலை நீட்டிக்கொண்டு தொழிலாளர் லயத்து வீட்டில் கட்டிலில் கிடந்தான். சுருளியம்மாள் பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தாள்.

"எம் மவன் பேரு கேக்கத்தான தம்பி அம்புட்டுத் தூரம் வந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"விடும்மா" என்றான் அவன், சுவரைப் பார்த்தபடி. "அண்ணன் அவுக வேலையப் பாத்தாக." அதற்குப் பதில் அவன் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

இந்த சீசனுக்கு ஈஸ்வரன் கஞ்சிக்கோட்டிலிருந்து வேறொருவனைப் பிடித்திருக்கிறான். அஸ்ஸாம்காரன். நல்ல வேகம். இவனுக்கு ஒரு பெயர் வையுங்கள் என்றான்.

வைத்துக் கொடுத்தேன்.