நான் அழித்த நான்கு புள்ளிகள்

புற்றுநோய் ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குப் படம் வரைவது என் தொழில். ஏற்காட்டில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்பவர்களிடம், நெட் வருகிறது, கரண்டும் பெரும்பாலும் இருக்கிறது என்று சொல்லிவைப்பேன். ஒரு நீளமான கட்டுரையின் சாரத்தை ஒரே படத்தில் அடக்க வேண்டும். ஆய்வாளர்கள் அந்தப் படத்துக்குள் ஊரையே குடிவைக்கப் பார்ப்பார்கள். நான் வேண்டாததையெல்லாம் அழித்துக்கொண்டே வருவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நான் வேலை செய்கிற இதழ்கள் எல்லோருக்கும் திறந்தவை. சந்தா கிடையாது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், படத்தை எடுத்துத் தங்கள் மொழியில் எழுதி அச்சடித்துக்கொள்ளலாம். வரைந்தவர் பெயரைப் போட்டால் போதும். அறிவுக்குப் பூட்டு எதற்கு என்று நானும் நாலு பேர் நடுவில் வாய்கிழியப் பேசியிருக்கிறேன். உண்மையில் யார் படிப்பார்கள் என்று மட்டும் யோசித்ததில்லை.

எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருப்பவள் தலைச்சோலைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிப்பவள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். போன ஆவணியில் அவள் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்க வேண்டும், மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு சுற்று என்று சேலத்தில் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் தனியாகப் பஸ்ஸில் போவாள். திரும்பும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே வருவாள். கார்த்திகையில் மூன்று சுற்று முடிந்திருந்தது.

ஒரு காலை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு தாளுடன் மேலே வந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் நெட்டில் எடுத்து, தமிழில் எழுதி அச்சடித்துக் கொடுத்ததாம். பார்த்தால் என் படம். மருந்துக்கு முன், மூன்று சுற்றுக்குப் பின் என்று இரண்டு கட்டங்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் என் பெயர்கூட இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இது நான் வரைஞ்சதும்மா" என்றேன்.

"அப்படீங்களாக்கா? நொம்ப நல்லா வெளங்குச்சுங்க. இதைப் பார்த்துப்போட்டுத்தான் இனி ஊசிக்குப் போறதில்லைன்னு முடிவு பண்ணீட்டேன்."

ஏன் என்று கேட்டேன். முதல் கட்டத்தில் இருந்த சிவப்பு உருண்டைகள் மேல் விரலை வைத்தாள்.

"இதெல்லாம் பழம். மருந்து பழத்தைப் பறிச்சுப்போட்டுது, சரிங்க. அடுத்ததைப் பாருங்க, கட்டம் முச்சூடும் பச்சைக்காய். இன்னிக்குக் காயா இருக்கறது நாளைக்குப் பழுக்காதுங்களா? இது முடியற வேலையாட்டத் தெரியலீங்க. அப்புறம் எதுக்கு வாந்தியெடுத்துச் சாகோணும்?"

சிவப்பு என்றால் நோய், பச்சை என்றால் நலம். கண்ணை மூடிக்கொண்டு அப்படித்தான் நான் வண்ணம் போடுவேன். அவளோ கூடையில் நாலு பச்சைக்காய் விழுந்துவிட்டால் கூடைக்குக் கணக்கெழுதும் ரைட்டரிடம் திட்டு வாங்குகிறவள். பழுத்ததை மட்டும் பறி, மீதியை அடுத்த சுற்றுக்கு விடு என்று ஒவ்வொரு சீசனும் கேட்டுப் பழகியவள். ஆனாலும் எனக்கு முதலில் அவள் மேல்தான் கோபம் வந்தது. படத்துக்குக் கீழே எழுதியிருப்பதைப் படித்திருக்கக் கூடாதா?

"பச்சை கெட்டதில்லம்மா. அது உன் உடம்போட நல்ல அணு."

"அப்பக் கெட்டது ஒண்ணுகூட மிச்சமில்லீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குங்க இன்னும் மூணு ஊசி?"

அந்தக் கட்டுரையை எழுதிய ஆய்வாளருக்குப் போன் போட்டேன். பெங்களூரில் ஆய்வகம் வைத்திருக்கும் தமிழ்ப் பெண்மணி அவர். ஸ்பீக்கரில் போட்டு இருவரும் கேட்டோம்.

"மூணு சுத்துல எல்லாம் போயிடாதுங்க" என்றார் அவர். "வேகமாப் பெருகிட்டு இருக்கிற அணுக்களைத்தான் மருந்து அதிகம் கொல்லும். அந்த நேரம் சும்மா இருக்கிறது தப்பிச்சிடும். அதுக்குத்தான் அடுத்தடுத்த சுத்து. நான் அனுப்பின வரைவுல ரெண்டாவது கட்டத்துல நாலு சிவப்புப் புள்ளி இருந்துச்சே?"

இருந்தது. மை சிந்தியது போல அசிங்கமாக இருக்கிறது என்று நான்தான் அழித்தேன். இதழுக்கு அனுப்பும் அவசரத்தில் அவரும் சரி என்றுவிட்டார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. இந்தச் செய்தியைக் கேட்டு அவள் இடிந்துபோவாள் என்று பயந்தேன். அவளோ தாளின் இரண்டாவது கட்டத்தில் விரலை வைத்தாள்.

"அப்ப மிச்சம் இருக்குதுங்க" என்று போனைப் பார்த்துச் சொன்னாள். "நாங்க கடைசி சுத்துல பழம், காய், கீழ உதிர்ந்ததுன்னு ஒண்ணு விடாம எடுத்துப்போடுவமுங்க. விட்டா அதுக்குள்ளயே வண்டு குடியிருந்து வர்ற வருசத்துக் காயெல்லாம் துளைச்சுப்போடும். அந்த மாதிரிங்களா?"

"கிட்டத்தட்ட அப்படித்தாங்க. ஆனா மருந்து நல்லதையும் கொஞ்சம் சேர்த்து உருவிடுது. அதனாலதான் முடி கொட்டுது, வாந்தி வருது. உங்க உடம்புல எவ்வளவு மிச்சம்னு உங்க டாக்டர்கிட்டக் கேளுங்க."

அவள் தலைத்துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இதை யாரும் மொதல்லயே சொல்லலீங்க" என்றாள். அவள் யாரையும் குறை சொல்லவில்லை, ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

அன்றே படத்தைத் திருத்தினேன். இரண்டு கட்டங்களை நான்காக்கி, சிவப்புக்கும் பச்சைக்கும் பதில் வேறு நிறங்கள் போட்டு, அழித்த நான்கு புள்ளிகளையும் இருந்த இடத்திலேயே வைத்தேன். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இது எது, அது எது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆய்வாளர் சரிபார்த்தார். சில நாட்களில் இதழும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டது.

அதற்குள் நாலாவது சுற்றுக்கான திங்கட்கிழமை வந்துவிட்டது. காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பியவள் எங்கள் வாசலில் நின்றாள்.

"ஏனுங்கக்கா, கூட வாரீங்களா?"

இத்தனை வருடமாகப் புற்றணுக்களை வரைந்துகொண்டிருந்த நான், மருந்து ஏற்றும் வார்டுக்குள் அன்றுதான் முதல்முறையாகக் காலெடுத்து வைத்தேன். வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெண். நர்ஸ் ஊசியை எடுத்தபோது அவள் என் பக்கம் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.