மூன்று கம்ப்யூட்டரில் என் நிகாஹ்

எங்கள் பக்கம் நிகாஹ் பள்ளிவாசலில்தான் நடக்கும். பொண்ணுக்கு அங்கே வேலையில்லை. சாரியும் பூவுமாக வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது வந்து "முடிஞ்சி" என்றால் முடிந்தது. எனக்கு இது சரிவரவில்லை. நான் வாப்பாவைப் பார்க்க வேண்டும்.

அந்த வருஷம்தான் வாப்பாவுக்கு ஒரு பக்கம் வாதம் அடித்து நாக்குத் தடித்திருந்தது. மகளை ஒப்படைக்கிற வார்த்தையை வேறு ஆளிடம் விடுங்கள் என்று குடும்பமே கெஞ்சியது. "நான்தான் சொல்லுவன்" என்று ஒரே பிடி. சபை நடுவில் வார்த்தை வராமல் நின்றுவிட்டால் மனுஷன் உடைந்தே போவார். அந்தப் பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கத்தாரில் இருக்கிற காக்காவுக்காக, என் அண்ணனுக்காக, வீடியோக்காரர் நிகாஹை நேரடியாக இன்டர்நெட்டில் விடுகிறார் என்றதும்தான் உயிர் வந்தது. வீட்டில் மூன்று கம்ப்யூட்டர். மூன்றுக்கும் அதிகாரி ராத்தாவின் மாப்பிள்ளை, அக்கா புருஷனான என் மச்சான். கல்முனையில் பிரிண்டருக்கு மை நிரப்புகிறவர். எங்கள் வீட்டில் அதுவே என்ஜினியர் பட்டம்.

முந்தின நாள் மூன்றும் ஒழுங்காகத்தான் ஓடின. ஒழுங்காக ஓடுகிற சாமானைக் கண்டால் மச்சானுக்குக் கை அரிக்கும். "வீடியோ ஓட்டுற பிளக்இன் பழசு. அப்டேட் பண்ணினாத்தான் தெளிவு" என்று நிகாஹ் காலையில் மூன்றிலும் அப்டேட் பட்டனை அமத்தினார். என் பழைய லெப்டொப் மட்டும் முடியாது என்றுவிட்டது. "இது குப்பை" என்று தீர்ப்புச் சொல்லி, அத்தர் பூசிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டார்.

ஹோலில் இருந்த அவருடைய புது லெப்டொப்பில் படம் பளிங்கு மாதிரி. சத்தம் மட்டும் இல்லை. அறையில் இருந்த பெரிய கம்ப்யூட்டரில் சத்தம் கணீர் என்றது. படம் பள்ளிவாசல் ஃபேனிலேயே ஒட்டிக்கொண்டது. பெண்கள் ஹோலுக்கும் அறைக்கும் ஓடினார்கள்.

"இஞ்ச வாய் அசையுது, அங்க என்ன கேக்குதுகா?"

"இஞ்ச இன்னும் ஓதி முடியல்ல!"

ஹோலில் வாப்பாவின் வாய் திறந்தது, மூடியது. அப்படியே நின்றது. கேமரா மாப்பிள்ளைப் பக்கம் திரும்பிவிட்டது. கொஞ்சத்தில் எல்லாரும் துஆவுக்குக் கையேந்தினார்கள். யார் சொன்னது? வாப்பாவா, வேறு ஆளா? அறைக்கு ஓடினேன். "என்ட மகள..." என்ற இடத்தில் சத்தம் செத்து, வட்டம் சுற்றத் தொடங்கியது.

"அப்டேட்டாம், மண்ணாங்கட்டியாம்! மருமகன் எண்டு பாக்கன், இல்லாட்டித் தெரியும்" என்று உம்மா பல்லைக் கடித்தா. எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது.

சாரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அந்தக் 'குப்பை' லெப்டொப் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் கிடந்தது. நின்று நின்று, எல்லாவற்றுக்கும் பின்னால், ஆனால் படமும் சத்தமுமாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் மௌலவி இன்னும் குத்பாவே ஓதி முடிக்கவில்லை. அதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம், ஆண்கள் வந்துவிட்டார்கள்.

"எப்பிடி, அப்டேட்டுக்குப் பிறகு நல்ல தெளிவுதானே?" என்றபடி மச்சான் நுழைந்தார்.

வாப்பா காலை இழுத்து இழுத்து வந்து என் பின்னால் நின்றார். திரையில் அவர் இன்னும் தொடங்கவில்லை. பிறகு "என்ட மகள..." என்றார். நின்றார். மௌலவி உதவிக்குக் குனிய, நல்ல கையால் விலக்கினார். மறுபடி முதலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளித் தள்ளிக் கடைசி வரைக்கும் சொன்னார்.

என் தோளில் கை வைத்தார்.

"நான் சொல்லிட்டன்தானே மகள்? அங்க எனக்கே விளங்கல்ல."

"ஓம் வாப்பா," என்றேன். "முழுசாச் சொல்லிட்டீங்க."