உங்க முறைங்க

சூலூரில் ஆடுபுலி ஆட்டத்தில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் இன்றைக்கு இருபத்துநாலு தறி ஓட்டுகிறேன் என்றால், அந்த மூளை நேற்று வந்ததல்ல. பத்து வயதிலேயே இருந்தது.

அந்த முழுப் பரீட்சை லீவில் என் மாமா, அம்மாவின் தம்பி, தினமும் என்னோடு ஆட உட்கார்ந்தார். அவருக்கு மூன்று புலி, எனக்குப் பதினைந்து ஆடு. தினமும் தோற்றார். தோற்கிற ஆளுக்குக் கோபம் வர வேண்டாமா? இவருக்கு வரவில்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒவ்வொரு ஆடு வைத்ததும், "அங்க ஏன் வெச்ச அம்மணி?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். ஒரு ஆட்டை வேண்டுமென்றே வெட்டுக் கொடுத்து, புலி தாண்டி உட்கார்ந்ததும் சுற்றி அடைத்துப்போடுவது என்னுடைய வேலை. அதையும் எழுதினார். அம்மாவிடம் கோள் சொல்லத்தான் எழுதுகிறார் என்று பயந்து, கொஞ்ச நாள் பால் குடித்த டம்ளரைக்கூட நானே கழுவி வைத்தேன்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. மாமா கம்ப்யூட்டர் படித்தவர். இந்தக் காலத்துப் பசங்க தரையில் கோடு போட்டு ஆட மாட்டார்கள், டிவியில் துப்பாக்கி சுடுகிற கேம்தான் கேட்கிறார்கள், ஆடுபுலியையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் தேடி வந்து ஆடுவார்கள் என்று அவருக்கு ஒரு கிறுக்கு. ஏற்றியும்விட்டார். அது என்னை ஜெயித்தால், அவர் படித்த சென்டரின் முதலாளி அங்கிருந்த ஆறு கம்ப்யூட்டரிலும் அதைப் போட்டு, மாமாவையும் வாத்தியாராக வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். இல்லாவிட்டால் திங்கட்கிழமை திருப்பூர் பனியன் கம்பெனி. தாத்தா பேசி முடித்து வைத்திருந்தார்.

மறுநாள் மாமா என்னைச் சென்டருக்குக் கூட்டிப்போனார்; செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி ரூமுக்குள் போனோம். எனக்கு எட்டவில்லை என்று முதலாளி நாற்காலியில் தலையணை போட்டு உட்கார வைத்தார். "ஏனுங்க அம்மணி, ஆடு மிஷினு வெக்கட்டும், நீங்க புலி ஆடுங்க" என்றார்.

கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகள். ஆட்டுக்கு வட்டம், புலிக்குப் பெருக்கல் குறி. ஒவ்வொரு தடவையும் கீழே இங்கிலீஷ் எழுத்தில் 'உங்க முறைங்க' என்று வரும். மிஷினுக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று அதிலும் எனக்குச் சந்தேகம்.

ஒரு ஆடு தனியாக மாட்டியது. தாவி வெட்டினேன். வெட்டிய புலிக்கு அப்புறம் நகர வழியில்லை. இன்னொன்றும் அடைபட்டது. மூன்றாவதற்கு ஒரே ஒரு வழி மிச்சம். இந்தப் பெட்டிக்கு இப்படி அடைக்கத் தெரியுமா? நிமிர்ந்து பார்த்தேன். பெட்டிக்குப் பின்னால், ஒயர்களுக்குப் பக்கத்தில், மாமா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். ஆள் அகப்பட்டுவிட்டார்!

"பின்னால நின்னு மாமா அமுக்கறாரு! கள்ளாட்டம்!" என்று கத்திக்கொண்டே குதித்து, கைக்குக் கிடைத்த ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

திரை இருண்டது. மாமா மறுபடி போட்டுப் பார்த்தார். பெட்டி கீங் கீங் என்றதே தவிர ஒன்றும் வரவில்லை.

"போதுமுங்க தம்பி, புள்ளையக் கூட்டிட்டுக் கெளம்புங்க. எம்பட மிஷினே போயிருமாட்ட இருக்குது" என்றார் முதலாளி.

சைக்கிளில் வரும்போது நான் விடவில்லை. "நீங்கதான அமுக்குனீங்க?"

"அப்படியெல்லாம் ஆட எனக்கு வருமா கண்ணு? அது உன்ற ஆட்டம்" என்றார் மாமா.

ஆட்டம் எனக்குத்தான் என்று ஒத்துக்கொண்டுவிட்டார் என நினைத்தேன். அந்தப் பேச்சுக்கு வேறு அர்த்தமும் இருக்கும் என்று அன்றைக்கு உறைக்கவில்லை. திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டில், கம்ப்யூட்டரைத் தோற்கடித்த கதையை நின்றவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். ஒருவர் நம்பாமல் மாமாவைப் பார்த்தார்.

"நெசந்தானுங்க, ஜெயிச்சுப்போட்டா" என்று சொல்லிவிட்டு, மாமா திருப்பூர் பஸ்ஸில் ஏறினார்.