இடிக்காத பெட்டி

என் மாமா கவுஞ்சியில் ரேடியோ செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு வருடம் மாரியம்மன் திருவிழாவில், உறுமி அடிக்கும் பாட்டு வரும்போதெல்லாம் அவருடைய பெரிய பாஸ் பெட்டி தகரத்தில் கல் விழுந்தது போலக் கரகரத்தது. மறுபடியும் இப்படி ஆனால் திண்டுக்கல்லிலிருந்து செட் வரும் என்று கமிட்டித் தலைவர் சொல்லிவிட்டார்.

அடுத்த திருவிழாவுக்கு முன்பு மாமா பெட்டியோடு எங்கள் வீட்டில் பூண்டு சேமித்து வைக்கும் அறையில் குடியேறினார். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு பாட்டு சொல்கிறபடி அசையாமல் தன் இஷ்டத்துக்கு ஆடுவதுதான் கோளாறு என்பது அவருடைய கணிப்பு. அலாரம் கடிகாரம் ஒன்றில் சத்தம் எழுப்பும் மெல்லிய பித்தளை வில்லையைக் கழற்றிக் கூம்பின் நடுவில் ஒட்டினார். கூம்பின் அசைவை அது ஆம்ப்ளிபையருக்குத் தெரிவிக்கும்; ஆம்ப்ளிபையர் அதைப் பாட்டோடு ஒப்பிட்டு, பிசகிய அளவுக்குக் கூம்பை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கும். முதல் தடவை வில்லையின் ஒயரைத் தலைகீழாக மாற்றிக் கொடுத்துவிட்டார். பிசகு குறைவதற்குப் பதில் வளர்ந்தது. பெட்டி ஊளையிட்டது, கூம்பு கிழிந்தது.

"ஏலே, ஸ்பீக்கருக்கு ஒத்தடம் கொடுத்தது போதும். வேற சோலியப் பாரு" என்றாள் அம்மா.

"இரு அக்கா. இன்னைக்கு இது வழிக்கு வரலேன்னா செட்டையே வித்துர்றேன்."

அன்று அது வழிக்கு வரவில்லை. அவரும் விற்கவில்லை. புதுக் கூம்பு போட்டு, வில்லையை இடம் மாற்றி மாற்றி ஒட்டி, திருவிழாவுக்கு முதல் நாள் சாதித்துவிட்டார். உறுமியின் ஒவ்வொரு இழுப்பும் தனித்தனியாகக் கேட்டது.

திருவிழா தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தலைவர் வந்தார்.

"என்னப்பா, பெட்டி படுத்துக் கெடக்கு? இடியவே காணோம்!"

ஆட வந்த பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். "ஆமாண்ணே, ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு."

கரகரப்பு வேண்டாம் என்றவர்களுக்கு, அது போனதும் சத்தமே குறைந்துவிட்டதாகத் தோன்றியது.

கரகரப்பை அடக்குவது இதுதான் என்று மாமா வில்லையின் ஒயரைக் காட்டினார்.

"அந்த ஒயரைப் பிடுங்கி விடுப்பா" என்றார் தலைவர்.

"பிடுங்க மாட்டேன் தலைவரே. நல்லாக் கேளுங்க, தோல் உரசுறது கூடக் கேக்குது."

"தோலை வச்சு நாங்க என்ன பண்ண? அடுத்த வருசம் திண்டுக்கல்லுதான்."

"சரிங்க" என்றார் மாமா. ஒயரைத் தொடவில்லை.

மறுநாள் காலை பெட்டியை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு நாங்கள் நடந்தோம். எனக்கு அழுகை வந்தது. மாமாவோ உறுமித் தாளத்தைத் தொடையில் தட்டிக்கொண்டே வந்தார்.

"மாமா, திருவிழா நம்ம கைய விட்டுப் போச்சே."

"போச்சுல்ல" என்று சிரித்தார்.

இத்தனை நாள் தூக்கமில்லாததில் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நான் முடிவு செய்தேன். வீடு வந்து சேரும்வரை அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.