மான்குட்டி திரும்பி வந்த கதை

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஆம்பூரில் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருந்தேன். பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்து ஒரு வாசிப்புப் போட்டி நடத்தினோம். பிள்ளைகள் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வந்து என்னிடம் கதையைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அவர்களுடைய போட்டி அட்டையில் ஒரு நட்சத்திர முத்திரை. நிறைய நட்சத்திரம் வாங்கும் பிள்ளைக்குப் பள்ளி ஆண்டுவிழாவில் பரிசு.

ஐந்தாம் வகுப்பு கலா, காட்டில் தொலைந்த மான்குட்டியின் கதையைச் சொன்னாள். கடைசியில் குட்டி அம்மாவிடம் திரும்பி வந்துவிட்டது என்றாள். புத்தகத்தில் அது செத்துப்போகும்.

"கடைசிப் பக்கத்தைப் படிக்காமலே புளுகறியா?" என்று எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் கேட்டேன். முத்திரை குத்தவில்லை. அவள் அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அவள் அம்மா வந்தார். கம்பெனிக்காக வீட்டிலேயே ஷூ தைப்பவர். ஊசி குத்தாமலிருக்க விரல்களில் துணி சுற்றியிருந்தார்.

"அவ முழுசா படிச்சாம்மா. நான் தைக்கறப்போ பக்கத்துல குந்திகினு படிச்சுக் காட்டுவா. என் சின்னப் பையன் போன வருஷம் ஜுரத்துல போய்ட்டான். குட்டி செத்துடுச்சுன்னதும் எனக்குத் தாங்கல. வந்துடுச்சுன்னு படிடின்னு நாந்தான் சொன்னேன். தினமும் அப்படித்தான் படிக்கறா."

நான் அவசரமாக முத்திரையை எடுத்தேன். அவர் தடுத்தார்.

"வேணாம்மா. இனிமே புக்குல இருக்கற மாதிரியே படிக்கச் சொல்றேன்."

அடுத்த வாரம் கலா வந்தாள். குட்டி செத்துப்போனதை ஒரு வரி பிசகாமல் சொன்னாள். நட்சத்திரம் குத்தினேன். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

வீட்டில் அம்மாவுக்கு எந்த முடிவைப் படித்தாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அதன்பிறகு நான் திருப்பியதே இல்லை.