பூட்டிய வீட்டில் ஒரு பார்சர்

எங்கள் வீட்டு முன்கதவு பகலில் வெளியே பூட்டியிருக்கும். உள்ளே நான் இருப்பேன். இது என் ஏற்பாடுதான். மாவட்ட அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கால்நடைக் கணக்கெடுப்பு அட்டவணைகளைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். திருச்சுழி சாலையில் எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது பேர். அதன் பிறகு, வெளியே போகும்போது பூட்டிக்கொண்டு போ என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

அப்படி ஒளிந்துகொண்டு நான் செய்வது சம்பளமில்லாத வேலை. அலுவலகத்தில் கற்ற கணினி நிரல் எழுதும் பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று, பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து உருவாக்கும் ஒரு பிரவுசரில் கை வைத்திருந்தேன். வலைப்பக்கத்தில் எழுத்து என்ன நிறம், எவ்வளவு பெரிது, எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் குறிப்புகளுக்கு சிஎஸ்எஸ் என்று பெயர். அதைப் படித்துப் பிரிக்கும் பகுதி பார்சர். குறிப்பில் பிழை இருந்தால் பார்சர் நின்றுவிடக் கூடாது. பிழையான துண்டை மட்டும் தள்ளிவிட்டு மேலே போக வேண்டும். துண்டு எங்கே முடிகிறது என்பதை அடைப்புக்குறிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

அந்தப் பகுதி இருநூற்றுப் பதினாலு வரி இருந்தது. நாலு மாதம் உட்கார்ந்து அதைத் தொண்ணூறாகக் குறைத்தேன். சேர்த்துக்கொண்டார்கள். எழுபத்தொரு வயதுவரை அப்படியொரு சந்தோஷம் எனக்கு வந்திருக்கவில்லை.

போன ஆனி மாதம் ஒரு நாள் காலை எட்டே முக்காலுக்குச் செய்தி வந்தது. அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் எங்கோ குளிர் நாட்டில் இருக்கும் ஒரு பெண். என் மாற்றத்துக்குப் பிறகு மூன்று வலைப்பக்கங்கள் வெறுமையாகத் தெரிகின்றன, நிரலைச் சரிபார்க்கும் பதினேழு சோதனைகள் தேறவில்லை, இந்திய நேரம் மாலை ஐந்துக்குள் சரியாகாவிட்டால் என் மாற்றம் முழுவதையும் எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்.

ஒன்பது மணிக்கு மின்சாரம் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, ஐந்து மணிக்குத்தான் வரும். செய்தித்தாளில் போட்டிருந்தார்கள், நான்தான் கவனிக்கவில்லை. மடிக்கணினியில் நாற்பத்தாறு சதவீதம் இருந்தது. மனைவி பந்தல்குடியில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். பூட்டுக்குச் சாவி இரண்டு. இரண்டும் அவள் முந்தானையில் ஒரே வளையத்தில். போன் செய்தால் மேளச் சத்தம்தான் கேட்டது. பின்கதவைத் திறந்தால் ஏழடிச் சுவர், அதன்மேல் கண்ணாடிச் சில்லு. அதைப் பதித்ததும் நான்தான்.

கணினியை அணைத்து அணைத்துப் போட்டேன். நடுவில் தாளில் எழுதிப் பார்த்தேன். பனியன் மூன்று முறை நனைந்தது. இரண்டு மணிக்கு இருபத்தொரு சதவீதம். தொண்ணூறு வரியையும் பதினோரு தடவை படித்தாயிற்று. பிழை எதுவும் கண்ணில் படவில்லை.

சன்னல் கம்பியில் யாரோ தட்டினார்கள். என்னோடு பள்ளியில் படித்தவன், ஆடு வளர்ப்பவன். பூட்டு ஏமாற்ற முடியாத ஒரே ஆள்.

"ஏலே, உள்ளதான இருக்க? பூட்டப் போட்டுக்கிட்டு உள்ள உக்காந்துருக்கியாக்கும். சிறுத்தைக் கூண்டு மாதிரி இருக்குலே."

"வேலை கெடக்கு. போ."

"ஒரு மனு எழுதிக் குடு, போறேன். என் கெடாவக் காணும்."

அக்கம்பக்கத்து இரண்டு வீட்டு ஆடுகளையும் ஒரே ஆள் மேய்ச்சலுக்கு ஓட்டிப் போய், பொழுதடையப் பிரித்துவிடுவது இங்கே வழக்கம்.

"மேய எத்தனை போச்சு?"

"பதினாலு."

"எத்தனை வந்துச்சு?"

"பதினாலு."

"சரியாத்தான இருக்கு! பெறகு என்னத்துக்கு மனு?"

"கூறுகெட்டவனே, எண்ணிக்கைய வச்சு நான் என்ன செய்ய? மேய்க்கிறவன் என் கெடாவப் பக்கத்து வீட்டுப் பட்டியில அடச்சுட்டு, அவுக வீட்டு மூக்கொழுகுற குட்டிய எனக்கு விட்டுட்டுப் போயிருக்கான். பதினாலாம்ல பதினாலு. முப்பது வருசம் இப்படித்தான் ஆடு எண்ணுனியா?"

அப்படித்தான் எண்ணினேன். எது யாருடையது என்று எங்கள் படிவத்தில் கட்டமே கிடையாது. பார்சரிலும் அதையே செய்திருந்தேன். அடைப்புக்குறி திறந்தால் ஒன்று கூட்டு, மூடினால் ஒன்று கழி, பூஜ்யம் வந்தால் துண்டு முடிந்தது. வளைவான குறி திறந்திருக்கும்போது மூடும் சதுரக் குறி வந்தாலும் என் கணக்கு பூஜ்யமாகிவிடும். தள்ளப்பட வேண்டிய துண்டின் நடுவிலேயே பார்சர் நின்று, மிச்சத்தில் இருக்கும், பக்கத்தை மறைக்கச் சொல்லும் குறிப்பை நல்ல குறிப்பென்று எடுத்துக்கொள்ளும். எத்தனை திறந்திருக்கிறது என்று எண்ணினேனே தவிர, எது திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளவில்லை. முன்னால் எழுதியவர் அதற்காகத்தான் இருநூற்றுப் பதினாலு வரி செலவழித்திருந்தார்.

"லே, உசுரோட இருக்கியா?"

"நாளைக்கு வா, ரெண்டு மனு எழுதித் தாரேன்."

"ரெண்டு எதுக்குலே? கெடா ஒண்ணுதான!"

திறந்த குறிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே இருப்பதற்குப் பொருந்தும் குறி வந்தால் மட்டும் எடுக்கும்படி மாற்றினேன். நாலு முப்பத்தெட்டுக்கு போன் வழியாக அனுப்பினேன். மூன்று சதவீதம். அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதற்குள் திரை அணைந்தது. போனும் ஐந்து நிமிடத்தில் செத்தது. அதன்பிறகு கட்டிலில் உட்கார்ந்து மேற்கூரையின் உத்திரங்களை எண்ணினேன். ஒன்பது. திரும்ப எண்ணினாலும் ஒன்பது.

மின்சாரம் ஐந்து இருபதுக்கு வந்தது. பதில் ஏற்கெனவே வந்திருந்தது. பதினேழும் தேறிவிட்டன, மாற்றம் இருக்கட்டும் என்று எழுதிவிட்டுக் கீழே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: அடுக்கு வந்த பிறகும் அந்த எண்ணிக்கையை ஏன் வைத்திருக்கிறீர்கள்? அதை எதுவும் பயன்படுத்தவில்லையே.

உண்மைதான். அடுக்குக்குப் பக்கத்திலேயே கூட்டிக் கழித்துக்கொண்டிருக்க விட்டிருந்தேன். பிற்காலத்தில் உதவும், சரிபார்க்க வசதி, இருந்தால் கெடுதல் இல்லை என்று மூன்று காரணம் தட்டினேன். மூன்றையும் அழித்தேன். பிறகு எண்ணிக்கொண்டிருந்த அந்த நாலு வரியையும் நீக்கிவிட்டுச் சோதனைகளை மறுபடி ஓட்டினேன். எல்லாம் தேறின. வாசலில் மனைவி பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. அந்த நாலு வரி இல்லாமலும் தேறியது எனக்குப் பிடிக்கவில்லை.